வளைவில் பிரேக் பிடிக்கலாமா? கார்னரிங் ஏபிஎஸ்: ஒரு மதிப்பீடு

வளைவுக்கு நடுவில் பிரேக்கைத் தொடவே கூடாது என்பது மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களிடையே காலங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் பாடம். சாதாரண ஏபிஎஸ் பொருத்திய வண்டியை நெடுங்காலம் ஓட்டிவிட்டு, சாய்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கார்னரிங் ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு மாறிய பிறகு, அந்தப் பாடத்தில் எது முழுமையாகச் சரி, எது பாதி மட்டுமே சரி என்பதை நான் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. எந்த ஒரு மாடலையும் எடைபோடுவது என் நோக்கமல்ல. இந்த ஒரு வசதி, வளைவில் நேரும் ஆபத்தான கணத்தில் என்ன செய்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

மோட்டார் சைக்கிளுக்கு ஏபிஎஸ் வந்தது 1988-இல், பிஎம்டபிள்யூ கே100 மாடலில். சக்கரம் சுழலும் வேகத்தைக் கவனித்து, அது சுழலாமல் நின்று பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக் அழுத்தத்தை விட்டுவிட்டுத் தளர்த்துவதுதான் அதன் வேலை. நேர்சாலையில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் வண்டி நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. சாய்ந்த நிலையில் முன்சக்கரம் பூட்டத் தொடங்குவதை உணர்ந்து அழுத்தத்தைக் குறைப்பதற்குள், அந்தச் சக்கரம் பக்கவாட்டில் நழுவிவிடக்கூடும். போஷ் நிறுவனம் உருவாக்கி, 2013-இன் இறுதியில் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் வந்த ஏற்பாடு இந்த இடைவெளியைத்தான் நிரப்பியது. சாய்வையும் முன்பின் அசைவையும் நொடிக்கு நூறு முறைக்கு மேல் அளக்கும் ஒரு சென்சார் தொகுதி, பிரேக் அழுத்தம் எவ்வளவு விரைவாக ஏறலாம் என்பதை அந்தந்தக் கணத்தின் சாய்வைப் பார்த்து முடிவு செய்கிறது.

இதன் மதிப்பை உணர ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கடக்க ஏறக்குறைய 26 பாகைச் சாய்வு தேவை, 60 கி.மீ. வேகத்தில் அது 35 பாகையாகிவிடும். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் திரும்பத் தேவையான விசை 44 விழுக்காடு கூடிவிட்டது. உலர்ந்த நல்ல சாலையில் டயர் 45 பாகை வரை தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 35 பாகைச் சாய்வில் பிடிமானத்தில் 70 விழுக்காடு திரும்புவதற்கே போய்விடுகிறது. மீதம் 30 விழுக்காடுதான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் திரும்பும் விசையும் பிரேக் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில் இயங்குவதால், பித்தகோரஸ் தேற்றப்படி பிரேக்குக்கும் ஏறத்தாழ 70 விழுக்காடு கிடைக்கிறது. ஆகவே வளைவில் பிரேக் பிடிக்கவே இடமில்லை என்பது உண்மையல்ல. இடம் இருக்கிறது, பதறிய கை லிவரை ஒரே இழுப்பாக இழுக்கும்போதுதான் அந்த இடம் போதாமல் போகிறது.

கார்னரிங் ஏபிஎஸ் காப்பாற்றுவது அந்தப் பதறிய கையைத்தான். பார்வைக்கு மறைந்த ஒரு வளைவின் பின்னால் பழுதாகி நின்றிருந்த லாரி திடீரெனக் கண்ணில் பட்டபோது, என் விரல்கள் யோசிப்பதற்கு முன்பே லிவரை இறுக்கியிருந்தன. சாய்ந்த வண்டியில் முன்பிரேக்கை வேகமாகப் பிடித்தால் வண்டி நிமிர்ந்துகொண்டு வளைவுக்கு வெளியே போக முயலும் என்பது அனுபவமுள்ள எவருக்கும் தெரியும். அன்று அந்த நிமிர்வு மிக மெல்லியதாகவே இருந்தது. அழுத்தம் படிப்படியாக ஏறியது, வண்டி தன் பாதையை விட்டு அதிகம் விலகாமலேயே வேகம் இழந்தது, லாரியைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு அவகாசம் கிடைத்தது. பழைய வண்டியில் அதே இறுக்கத்துக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவே மனம் கூசுகிறது.

இவ்வளவு பாராட்டிய பிறகு இதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தி 1981-இல் வெளியான விபத்து ஆய்வு, வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுபவரின் பிழையே காரணம் என்று கண்டது. அதில் வழக்கமாகக் காணப்பட்ட பிழைகள் இரண்டு: அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்து வழுக்கி விழுவது ஒன்று, அதிக வேகத்தாலோ, போதிய அளவு வண்டியைச் சாய்க்காததாலோ வளைவை விட்டு வெளியே ஓடிவிடுவது மற்றொன்று. கார்னரிங் ஏபிஎஸ் முதல் பிழைக்கு மருந்து. இரண்டாவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. பயத்தில் கண் எதன்மேல் குத்திட்டு நிற்கிறதோ அதை நோக்கியே வண்டி போகும். தடுப்புச் சுவரை வெறித்துக்கொண்டிருக்கும் தலையை வளைவின் முடிவை நோக்கித் திருப்ப எந்தச் சென்சாராலும் முடியாது. உள்பக்கக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ளினால் வண்டி இன்னும் சாயும், அந்தச் சாய்வுக்கு டயரில் பெரும்பாலும் இடம் இருக்கும் என்பதை உடல் பழகியிருக்க வேண்டும். அதைத் திறந்த மைதானத்தில், குறைந்த வேகத்தில், கற்றுத்தரத் தெரிந்தவர் ஒருவரின் கண்பார்வையில் பழகிக்கொள்வதற்கு ஈடாக எந்தக் கருவியையும் நான் சொல்ல மாட்டேன்.

இல்லாத பிடிமானத்தையும் இந்த வசதி உண்டாக்காது. சரளைக்கல், சிந்திய டீசல், ஈரமான வெள்ளைக்கோடு ஆகியவற்றின் மேல் சாய்ந்தபடி போகும்போது, டயருக்கும் சாலைக்கும் இடையே பங்கிட எதுவும் மிஞ்சாமல் போகலாம். தேய்ந்த டயரோடு ஓட்டிக்கொண்டே இந்த வசதியுள்ள வண்டிக்காகப் பணம் சேர்ப்பவர்கள், அந்தப் பணத்தில் முதலில் டயரை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. இரண்டு வண்டிகள் மற்ற வகைகளில் சமமாக இருந்து, ஒன்றில் மட்டும் கார்னரிங் ஏபிஎஸ் இருந்தால், தயங்காமல் அதையே எடுங்கள். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்களுக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

வாங்கியவர்கள் கையேட்டில் ஒன்றைக் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டும். மண்பாதைக்கான ஆஃப்ரோடு மோடில் பின்சக்கர ஏபிஎஸ்ஸையும், சில மாடல்களில் சாய்வுக் கணக்கையும் சேர்த்தே அணைத்துவிடுகிறார்கள். மண்ணிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியவுடன் மோடைத் திரும்ப மாற்றிவிட்டு, ஏபிஎஸ் விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்த்த பிறகே வேகமெடுங்கள்.