மொட்டைமாடியில் எதை மாட்டுவது: கம்பி ஆன்டெனாவா, இலவச டிஷ்ஷா, பழைய கேபிளேவா?

போன ஐப்பசி மழையில் கொளத்தூரில் அப்பா வீட்டுக்கு வரும் கேபிள் ஒயர் மாமரக் கிளையோடு சேர்ந்து தெருவில் விழுந்தது. எடுத்துக் கட்ட ஆள் வர ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி: "டேய், சீரியல் வர்ற மாதிரி ஏதாவது மாட்டித் தர முடியுமா, முடியாதா?" அப்பாவின் புலம்பல் வேறு. மாசாமாசம் காசு கொடுத்தும் மழை வந்தால் டிவி இல்லை, அந்தக் காலத்தில் மாடியில் ஒரு கம்பி நட்டால் போதுமே என்று. இரண்டு பேருக்கும் பதில் தேடி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கும் கொளத்தூர் மொட்டைமாடிக்கும் அலைந்ததில் புரிந்த விஷயம் இது: விலையை அப்புறம் பார்க்கலாம், வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள், உங்கள் வீட்டுக்கு வானத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, இந்த இரண்டுக்கும் முதலில் பதில் வேண்டும்.

அப்பா சொல்லும் கம்பியிலிருந்தே வருகிறேன், ஏனென்றால் எனக்கும் அதன் மேல்தான் ஆசை. மீன் முள் மாதிரி இருக்குமே, அந்த அலுமினிய ஆன்டெனா. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, ஊரில் உள்ள அத்தனை கம்பிகளும் சுவாமி சிவானந்தா சாலைக் கோபுரத்தைப் பார்த்தே நின்றன. அந்த அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாக மூடிவிட்டது. அதனால் பரணிலிருந்து பழைய கம்பியை இறக்கி மாட்டினால் காக்கா உட்கார இடம் கிடைக்கும், அவ்வளவுதான். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு 2016 பிப்ரவரியில் 16 நகரங்களுக்கு அறிவிக்கப்பட்டது, சென்னையும் அதில் உண்டு. அதற்கு அந்த அலையைப் பிடிக்கும் டிவிபி-டி2 (சுருக்கமாக டி2) என்ற டியூனர் டிவிக்குள்ளேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் தனிப்பெட்டி வேண்டும். கம்பியும் வேறு. யு.எச்.எஃப். அலைவரிசையில் 500 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர், கம்பி அதில் பாதி, பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான். பழைய கம்பிகள் இதைவிட ரொம்ப நீளம்.

இத்தனையும் கூடி வந்தால் கிடைப்பது என்ன? தூர்தர்ஷன் குடும்பத்தின் நாலைந்து சேனல்கள். தரைவழியில் தனியார் சேனல்களுக்கு நம் நாட்டில் இடமே தரவில்லை. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "ஒரு ஆன்டெனா மாட்டினால் ஐம்பது உள்ளூர் சேனல்" என்று கிளம்புகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் கம்பியை யாரும் அடிக்க முடியாது, மழையை அது மதிக்காது. 60 சென்டிமீட்டர் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. டிஷ்ஷுக்கு வரும் கேயு பேண்ட் அலையின் நீளமோ இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம், கொட்டுகிற மழை அதைக் குடித்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டிய ராத்திரியில்தான் டிஷ் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். (அந்த ராத்திரி கரன்ட்டும் இருக்காது, பேட்டரி ரேடியோதான் துணை என்பது வேறு கதை.) கம்பி வாங்கித்தான் தீருவேன் என்றால், டி2 டியூனர் உள்ள டிவியை வைத்திருப்பவரிடம் சொல்லி உங்கள் பகுதியில் ஒரு முறை ஸ்கேன் செய்து பாருங்கள். கையில் சேனல் கிடைத்த பிறகு செலவு செய்யலாம்.

அடுத்தது டிடி ஃப்ரீ டிஷ், செயற்கைக்கோள் வழியாக வரும் தூர்தர்ஷனின் இலவசச் சேவை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் வந்தது. மாசக் கட்டணம் கிடையாது, தட்டு, எல்.என்.பி. (தட்டு குவிக்கும் சிக்னலை வாங்கும் முனைக்கருவி), பெட்டி, ஒயர் வாங்கும் செலவு ஒரு முறை. அப்பா வீட்டுக்கு எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் ஆனது, மாட்டும் கூலி மிச்சம், நானே மாட்டினேன், அதன் லட்சணத்தைக் கடைசியில் சொல்கிறேன். டிடி தமிழ் வரும், அதாவது 2024 ஜனவரி வரை பொதிகையாக இருந்தது. செய்திகள் வரும், இந்திச் சேனல்கள் மூட்டை மூட்டையாக வரும். சன் டிவி, விஜய், ஜீ தமிழ் என்று அம்மா பார்க்கும் கட்டணச் சேனல்கள் வராது. இதை மறைத்துவிட்டு வாங்கிக்கொடுத்தால் வீட்டில் சண்டை நிச்சயம்.

ஆனால் அப்பாவுக்கு இதில் ஒரு புதையல் இருந்தது: கிரிக்கெட். தேசிய முக்கியத்துவம் உள்ளது என்று அரசு அறிவித்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனம் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007-இல் சட்டமே வந்தது. அப்படிப் பகிர்ந்ததைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் போட்டால் மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்குமே, காரணம் இதுதான். கேபிள்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. ஐ.பி.எல். இந்தச் சட்டத்துக்குள் வராது, மஞ்சள் சட்டைக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வானம். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் அது அச்சு அசலாக அக்னி மூலை, தரையிலிருந்து சுமார் 68 டிகிரி உயரம். கிட்டத்தட்ட தலைக்கு மேலே. மொட்டைமாடி இருப்பவருக்கு இது வரம், ஏனென்றால் தென்கிழக்கே 10 அடிச் சுவர் இருந்தாலும் நாலைந்து அடி தள்ளி வைத்தால் போதும், பக்கத்து வீட்டுத் தென்னை மரமும் பெரும்பாலும் குறுக்கே வராது. பால்கனி மட்டும் இருப்பவருக்கு அதே உயரம் சாபம். மேல்வீட்டு பால்கனியின் அடித்தளமே மறைத்துவிடும், தட்டைக் கிரில்லுக்கு வெளியே நீட்டிப் பிடிக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு அசோசியேஷன் செயலாளர் மாடியேறி வருவார்.

மாசக் கட்டணம் கட்டும் டிஷ் சேவை (டிடிஎச்) எடுப்பதானாலும் இதே கணக்குத்தான், மூலைதான் மாறும். டாடா பிளேயின் செயற்கைக்கோள் 83 டிகிரியில், நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கு, 74 டிகிரி உயரம். ஏர்டெல்லுடையது 108.2-இல், கிழக்குக்கும் அக்னி மூலைக்கும் நடுவில், உயரம் 54 டிகிரிதான், அதே 10 அடிச் சுவரிலிருந்து ஏழெட்டு அடி தள்ள வேண்டும். ஆக, எந்த நிறுவனத்தின் பேக் மலிவு என்று ஒப்பிடுவதற்கு முன் பால்கனியில் நின்று காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். மடிப்பாக்கத்தில் என் வாடகை வீட்டு பால்கனி மேற்குப் பார்த்தது, மூன்றுமே கிடையாது. மாடியில் வைக்கலாமா என்று கேட்டதற்கு ஹவுஸ் ஓனர், "தம்பி, மேல ஒரு ஆணி அடிச்சீங்கன்னாலும் எனக்கு ஒழுகும்" என்று முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஓடு பதித்த தளத்தில் துளை போட்டால் ஒழுகத்தான் செய்யும். எனக்கு இன்டர்நெட்தான் கதி. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பலதும் யூடியூப்பில் நேரலையாக வருகின்றன, தூர்தர்ஷன் சேனல்கள் 2024 நவம்பரில் வந்த வேவ்ஸ் செயலியில் இலவசம். தனி ஆளுக்கு இது போதும். எழுபது வயதுக்காரர் கையில் அந்த ரிமோட்டைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

கேபிளை நான் கழித்துக்கட்டவில்லை. 2003-லேயே செட்டாப் பாக்ஸ் கட்டாயமாகி அடிபட்ட ஊர் இது, நமக்கும் கேபிளுக்கும் பழைய பகை, பழைய பாசம். திசை வேண்டாம், வானம் வேண்டாம், சீரியல் எல்லாம் வரும், சாதாரண மழையில் படம் உடையாது. கேபிளுக்கே உரிய இன்னொன்றும் உண்டு: உள்ளூர் சேனல். எங்கள் தெரு அம்மன் கோயில் தீமிதி, பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை விளம்பரம், மத்தியானம் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். 'லோக்கல் சேனல்' என்ற சொல்லுக்குச் சரியான பொருள் அதுதான், எந்த ஆன்டெனாவிலும் அது வராது. பலவீனம் ஒயரில் இருக்கிறது. கம்பத்திலிருந்து மரம், மரத்திலிருந்து மாடி என்று தொங்கும் ஒயர் அறுந்தால், ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.

சரி, மாட்டிய கதை. தளத்தைத் தொடாமல், கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் நாலு ஆங்கர் போல்ட் போட்டு ஸ்டாண்டை நிறுத்தினேன். தட்டு கொஞ்சம் ஆடினாலும் போதும், சிக்னல் போய்விடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்து போன மறுநாள் தெருவில் எத்தனை தட்டு கிடந்தது என்று பார்த்தவர்களுக்கு போல்ட்டில் மிச்சம் பிடிக்கத் தோன்றாது. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் துத்தநாகம் பூசிய ஸ்டாண்டே வாங்குங்கள், உப்புக் காத்து மற்றதைத் தின்றுவிடும். தட்டைப் பார்த்தால் 68 டிகிரிக்கு அண்ணாந்து நிற்காது, இருபது டிகிரிக்கு மேல் குனிந்த மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், அதன் வளைவே அப்படி. பெட்டியில் அலைவரிசை 11090, சிம்பல் ரேட் 29500 என்று போட்டுவிட்டு, போல்ட்டை அரைகுறையாக இறுக்கி, தட்டை ஒரு விரல் அளவு நகர்த்தி இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருக்க வேண்டும். பெட்டிக்கு யோசிக்க நேரம் வேண்டும், அவசரப்பட்டு ஆட்டினால் பிடிபடாது. கீழே அப்பா டிவி முன்னால், மேலே நான், நடுவில் போன். "வருதாப்பா?" "இல்லடா." "இப்போ?" "இல்லவே இல்லடா." முக்கால் மணி நேரம்.

தட்டில் குற்றம் இல்லை. ஒயர் நுனியை எஃப் கனெக்டருக்கு (நுனியில் மாட்டும் திருகு முனை) சீவும்போது, வெளிப்பின்னலில் இருந்து முடி மாதிரி ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. எல்.என்.பி.க்குப் போக வேண்டிய மின்சாரம் அங்கேயே ஷார்ட். கழற்றி, நகத்தால் இழையைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி மாட்டியதும் சிக்னல் பட்டை எழுந்தது. அதற்கப்புறம் எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெதுவாகத் திருப்பினேன், சென்னையில் இந்தச் செயற்கைக்கோளுக்கு நன்றாகவே சாய்க்க வேண்டியிருக்கிறது, தரம் 40-இல் இருந்து 70-ஐத் தாண்டியது. கனெக்டருக்கு முன் ஒயரைக் கீழ்நோக்கி ஒரு வளையமாகத் தொங்கவிட்டேன், மழைத்தண்ணி உள்ளே ஓடாமல் அங்கேயே சொட்டிவிடும்.

இப்போது கொளத்தூரில் இரண்டும் ஓடுகின்றன. அம்மாவுக்குக் கேபிள், மேட்ச் அன்று அப்பாவுக்கு ஃப்ரீ டிஷ். டிவியில் இரண்டு எச்டிஎம்ஐ ஓட்டை இருப்பதால் மாற்றுவது ஒரு பட்டன்தான், அந்தப் பட்டன் மேல் அம்மாவின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. மீன் முள் பரணிலேயே இருக்கிறது, பழைய இரும்புக்காரருக்குப் போட அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை.