சின்ன ஆன்லைன் கடைக்கு கார்டு விதிகள்: சில வருட அனுபவம்

இணையத்தில் கைத்தறிச் சேலை விற்கிறோம். வாங்குபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் சிங்கப்பூர், கனடா, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள். 2019-லிருந்து ஒரே பேமென்ட் கேட்வேதான், அதாவது வாடிக்கையாளரின் கார்டிலிருந்து பணம் வாங்கி எங்கள் கணக்கில் சேர்க்கும் நிறுவனம். அதன் பெயர் இங்கே வேண்டாம். எந்த கேட்வேயாக இருந்தாலும் அதற்கு மேலே ஒரு வங்கி, வங்கிக்கு மேலே விசா, மாஸ்டர்கார்டு. விதி அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. கேட்வேயை மாற்றினால் டாஷ்போர்டு மாறும், அவ்வளவுதான்.

தொடங்கும்போது எல்லோரும் பயமுறுத்தியது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்புத் தரத்தைச் சொல்லி. உண்மையில் எங்களுக்கு இருந்ததிலேயே லேசானது அதுதான். கார்டு எண்ணைத் தட்டுகிற பக்கம் கேட்வேயுடையது, எங்கள் சர்வருக்கு அந்த எண் வருவதே இல்லை. விசா கணக்கில் ஆண்டுக்கு 20,000 ஆன்லைன் பரிவர்த்தனைக்குக் கீழே இருந்தால் நான்காம் நிலை வணிகர். எங்களைப் போன்றவர்களுக்கு எஸ்ஏக்யூ ஏ என்ற சுய மதிப்பீட்டுப் படிவம் போதும். அந்தத் தரத்தின் நான்காம் பதிப்பில் தள்ளிவைத்திருந்த நிபந்தனைகள் 2025 மார்ச் 31-க்குப் பிறகு கட்டாயமானபோது, தளத்தில் ஓடும் ஸ்கிரிப்ட்களையும் (பின்னணியில் இயங்கும் சின்ன நிரல்கள்) ஒருமுறை பார்க்க வேண்டி வந்தது. யார் எப்போது போட்டதென்றே தெரியாத சாட் பெட்டி, கவுன்ட்டர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டோம். பக்கமும் வேகமாகத் திறக்கிறது.

தலைவலி வாட்ஸ்அப்பில் வந்தது. “அண்ணா, எனக்கு இதெல்லாம் வராது, நீங்களே போட்டுக்கோங்க” என்று கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பும் அக்காக்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்பக்கம் உள்ள சிவிவி எண்ணைப் பணம் எடுத்த பிறகு வைத்திருக்கவே கூடாது, என்க்ரிப்ட் செய்துகூட. படத்தை உடனே அழித்துவிட்டு பேமென்ட் லிங்க் அனுப்புவதுதான் எங்கள் வழக்கம்.

2022 அக்டோபர் 1-இல் ரிசர்வ் வங்கியின் டோக்கன் விதி வந்தது: கடைகள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்தான். சேமித்து வைத்த கார்டு விவரமெல்லாம் போய், கடைசி நான்கு இலக்கமும் வங்கிப் பெயரும் மட்டும் மிஞ்சின. சில நாள் புலம்பல், அப்புறம் எல்லோருக்கும் பழகிவிட்டது.

நிஜமாகவே கழுத்தை அறுப்பது சார்ஜ்பேக், அதாவது வாங்கியவர் தன் வங்கியில் புகார் சொல்லிப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. உள்ளூர் கார்டில் 2009-லிருந்தே ஆன்லைனுக்குக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி போட்டு வாங்கிவிட்டு “நான் வாங்கவில்லை” என்று சொன்னால், பொதுவாகச் சுமை கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. வெளிநாட்டு கார்டில் பல நேரம் ஓடிபி கேட்பதே இல்லை. அப்போது அந்தச் சுமை நம் தலையில். விசாவில் இந்த “நான் வாங்கவில்லை” 10.4 என்ற காரணக் குறியீட்டில் வரும். பொருள் வரவில்லை என்றால் 13.1. சொன்னபடி இல்லை என்றால் 13.3, சேலைக்காரர்களின் பரம எதிரி. மாம்பழ மஞ்சள் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மஞ்சள். இப்போது வெயிலில் எடுத்த படமும் நிழலில் எடுத்த படமும் சேர்த்தே போடுகிறோம்.

எங்களுக்கு வந்த 10.4-களில் பலவற்றில் திருட்டே இல்லை. ஸ்டேட்மென்ட்டில் கேட்வே பெயர் முன்னால் வந்து, எங்கள் கடைப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. இருப்பதே இருபத்துச் சொச்சம் எழுத்துக்கான இடம். டொராண்டோவில் கணவர் பார்த்து “இது யார்?” என்று வங்கிக்கு போன் போட்டுவிடுவார், சேலை கட்டியிருப்பவர் பக்கத்திலேயே இருப்பார். கடைப் பெயரைச் சுருக்கி எழுதித் தரச்சொல்லி கேட்வேயிடம் பல மாதம் மன்றாடி மாற்றிய பிறகு இந்த வகை வெகுவாகக் குறைந்தது.

இன்னொரு விஷயத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. ஆதாரம் கொடுத்து ஜெயித்தாலும் அந்த சார்ஜ்பேக் நம் கணக்கில் எண்ணப்பட்டது எண்ணப்பட்டதுதான். மாஸ்டர்கார்டு மாதம் 100 சார்ஜ்பேக்கும் 1.5 சதவீதமும் தாண்டினால் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கிறது. விசா 2025 ஏப்ரலில் கொண்டுவந்த வேம்ப் என்ற கண்காணிப்புத் திட்டத்தில் வணிகருக்கான குறைந்தபட்ச எண்ணிக்கை மாதம் 1,500. எங்கள் மொத்த ஆர்டரே அவ்வளவு கிடையாது. ஆனாலும் பிடி இறுகியது. காரணம், வங்கிக்கு வைத்திருக்கும் வரம்பு இதைவிட மிகக் கடுமையானது. வங்கி கேட்வேயை நெருக்க, கேட்வே எங்களை நெருக்குகிறது. ஒரு தீபாவளி நேரத்தில் எங்கள் செட்டில்மென்ட்டை (கேட்வே எங்களுக்குத் தர வேண்டிய விற்பனைப் பணம்) நிறுத்திவைத்துவிட்டு, காரணமாக ஒரு வரி மின்னஞ்சல் மட்டும் வந்தது. நெசவாளருக்குப் பணம் கொடுக்க வேண்டிய வாரம் அது. பணம் பிறகு வந்தது, விளக்கம் இன்றுவரை வரவில்லை. சார்ஜ்பேக்கை மறுத்து ஆதாரம் கொடுக்க மாஸ்டர்கார்டு 45 நாள் தருகிறது. அது வங்கி, கேட்வே எல்லாம் தாண்டி எங்களிடம் வரும்போது ஒரு வாரமாகத் தேய்ந்திருக்கும்.

உருப்படியான உதவி ஒன்றும் வந்தது. 2023 ஏப்ரலில் விசா ஆதார விதியை மாற்றியது. அதே கார்டில் 120 முதல் 365 நாள் பழைய, சச்சரவில்லாத இரண்டு ஆர்டரைக் காட்டி, ஐபி முகவரியும் டெலிவரி முகவரியும் பொருந்துகின்றன என்று நிரூபித்தால் 10.4 நம் பக்கம் சாயும். திரும்பத் திரும்ப வாங்குபவர்கள் அதிகம் உள்ள கடைக்கு இது வரம். அதனால் ஒவ்வொரு ஆர்டரின் ஐபியையும் ஒரு வருடத்துக்குமேல் வைத்திருக்கிறோம்.

நடுவில் மச்சான் ஒருவர் மூலிகை எண்ணெய் வியாபாரம் ஆரம்பித்து, “உன் லிங்க்கைக் கொடு, பணம் வந்ததும் எனக்கு அனுப்பு” என்றார். வீட்டில் கொஞ்சம் முகச்சுளிப்பு, ஆனாலும் முடியாது என்றுவிட்டேன். ஒரு கடையின் கணக்கில் இன்னொரு கடையின் விற்பனையை ஓட்டுவதை கார்டு நிறுவனங்கள் மோசடியாகவே பார்க்கின்றன. பிடிபட்டு மாஸ்டர்கார்டின் மேட்ச் பட்டியலில் (கணக்கு ரத்தான வணிகர்களின் கறுப்புப் பட்டியல்) பெயர் ஏறினால் ஐந்து வருடம் இருக்கும். வேறு வங்கியும் எளிதில் சேர்க்காது.

புதிதாக கேட்வே எடுப்பவர்கள் கமிஷன் சதவீதத்தை மட்டும் பேரம் பேசுகிறார்கள். ஸ்டேட்மென்ட்டில் என் கடைப் பெயர் எப்படி வரும், டிஸ்பியூட் வந்தால் எனக்கு எத்தனை நாள், எந்த நிலையில் பணத்தை நிறுத்துவீர்கள், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ரீஃபண்ட் கொள்கை பணம் கட்டும் பக்கத்திலேயே தெரியட்டும், எங்கோ அடியில் ஒளிந்திருந்தால் செல்லாது. கோபமான வாடிக்கையாளருக்குப் பணம் திருப்புவதென்றால் அவர் வங்கிக்குப் போகும் முன்பே திருப்பிவிடுங்கள். டிஸ்பியூட் பதிவான பிறகு ரீஃபண்ட் போட்டால் இரண்டு பக்கமும் பணம் போகக்கூடும்.