சிம்ஸ் 4: மாநிறம் எந்தப் பக்கம் இருக்கிறது?

2017 கடைசியிலிருந்து சிம்ஸ் 4 விளையாடுகிறேன். 'சிம்' என்ற ஆட்களை உருவாக்கி வாழவைக்கும் வீடியோ கேம் அது. வீடு கட்டுவது, சமைக்கப் போய் அடுப்படியைக் கொளுத்திவிடுவது எல்லாம் ஊரறிந்த கதை. எனக்குப் பாதி நேரம் போவது ஆளை உருவாக்கும் திரையில்தான். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நான் வருவதற்குள் ஆண் உடை, பெண் உடை என்ற வேலி போய்விட்டிருந்தது. 2016 ஜூன் அப்டேட் செய்த வேலை. தாடிக்காரருக்குப் பாவாடை மாட்டலாம். யார் கர்ப்பமாகலாம் என்பதையும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பாரா என்றுகூட ஒரு கேள்வி உண்டு. முதல் தடவை பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

தோல் நிறம்தான் இழுத்தடித்தது. அடர் நிறங்கள் சாம்பல் பூத்துத் தெரிகின்றன என்று கறுப்பின ஆட்டக்காரர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். பொறுக்கமுடியாமல் சிலர் தாங்களே நிறங்களைச் செய்து, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் 'மோட்' ஆகப் போட்டார்கள். 2020 டிசம்பரில்தான் நூற்றுக்கும் மேற்பட்ட புது நிறங்கள் வந்தன. கூடவே வெளிர், அடர் என்று நகர்த்த ஸ்லைடரும்.

2022 மே மாதம் he, she போன்ற பிரதிப்பெயரை நாமே எழுதும் வசதி வந்தது, ஆங்கிலத்துக்கு மட்டும். நமக்கென்ன, 'அவர்' இருக்கிறதே! அதே வருஷம் ஜூலையில் யார்மேல் ஈர்ப்பு என்பதும் அமைப்பாக வந்தது. அதற்குமுன் எல்லா சிம்மும் யாரை வேண்டுமானாலும் காதலிக்கும்.

ஆனால் அந்த ஊரில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. நான் உருவாக்கிய இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கேக் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இவ்வளவு சுலபமா என்று ஆரம்பத்தில் எரிச்சல்தான் வந்தது. இப்போது ஆபீஸ் முடிந்து வந்து உட்கார்ந்தால் அந்தப் பொய் வேண்டியிருக்கிறது.

என்னைப்போல ஒருத்தியைச் செய்துகொண்டிருந்த அன்று அம்மா எட்டிப் பார்த்தார். "ஏன்டி இவ்வளவு கருப்பா? கொஞ்சம் நிறமா வையேன்."

"இது என் கலர்மா."

"நீ மாநிறம்."

போன மாதம் தன்னையும் செய்யச் சொன்னார். "என்ன கலர்?" என்றேன். "மாநிறம்தான்." அத்தனை பெட்டிகளில் மாநிறம் எது என்று யாருக்குத் தெரியும்? கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டச் சொல்லி ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே போனேன். என்னுடையதைத் தாண்டி இரண்டு புள்ளி போய்த்தான் பொருந்தியது. அம்மா கையை இழுத்துக்கொண்டு, "லைட்டைப் போடு முதல்ல" என்றார்.