வாரம் ஒரு ஊசி, வருஷத்துக்கு 13 பேனா

"அண்ணாச்சி, அந்த மெலிய வைக்கிற ஊசி இருக்கா?" திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கத்து மெடிக்கல்களில் இப்போது இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பவர் மனதில் இருப்பது ஒரே ஊசி. ஃபிரிட்ஜுக்குள் இருப்பதோ பல பெயர், பல அளவு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: மருந்து வேலை செய்கிறது. ஆறு மாசம் போட்டு, மெலிந்து, நிறுத்திவிடலாம் என்று வாங்குகிறவருக்கு மட்டும் இது வீண் செலவு. பிரஷர் மாத்திரையை எப்படி விடாமல் சாப்பிடுகிறோமோ அப்படிப் போட வேண்டிய சரக்கு இது. அந்தக் கணக்கு ஒத்துவருமா என்று பார்த்த பிறகு டாக்டரிடம் போங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். செமாக்ளூடைடு என்ற ஒரே மருந்துதான் மூன்று பெயரில் வருகிறது. ரைபெல்சஸ் என்பது மாத்திரை, சுகருக்கு, 2022 முதல் இந்தியாவில் இருக்கிறது. வெகோவி எடைக்கான ஊசி, 2025 ஜூனில் வந்தது. ஓசெம்பிக் சுகருக்கான ஊசி, 2025 டிசம்பரில் வந்தது. மௌன்ஜாரோ வேறு மருந்து. அதன் மூலப்பெயர் டிர்செபடைடு. 2025 மார்ச்சில் வந்த அது சுகர், எடை இரண்டுக்கும் அனுமதி பெற்றது. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான் என்பதால் அதற்குப் பிறகு பெயர்கள் பெருகத்தான் செய்யும். அட்டையில் பெரிசாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் மி.கி. அளவையும் படியுங்கள். சுகருக்கு ஒரு டாக்டர், எடைக்கு இன்னொரு டாக்டர் என்று பார்க்கிறவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டுக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு குறையும்? 2021-ல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் செமாக்ளூடைடு 2.4 மி.கி. போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். டிர்செபடைடு 15 மி.கி. 72 வாரத்தில் 20.9 சதவீதம் குறைத்தது. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த 2025 ஆய்வில் டிர்செபடைடு 20.2, செமாக்ளூடைடு 13.7. ஆக, 90 கிலோ ஆளுக்கு ஒன்றரை வருஷத்தில் 12 முதல் 18 கிலோ வரை. எடையை மட்டும் பார்த்தால் மௌன்ஜாரோவுக்குத்தான் முதலிடம். ஆனால் ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்து, உடம்பும் கனத்திருப்பவர் என்றால் செமாக்ளூடைடு பக்கம் ஒரு கனமான சாட்சி உண்டு: சுகர் இல்லாத இதய நோயாளிகள் 17,604 பேரை வைத்து நடத்திய ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன.

இனி காசு. மௌன்ஜாரோ பேனா (மருந்து நிரப்பியே வரும் ஊசிக் கருவி) அறிமுகமான விலைக்கு 2.5 மி.கி. 14,000 ரூபாய், 5 மி.கி. 17,500, உச்ச அளவு 27,500. வெகோவி 2025 நவம்பர் விலைக்குறைப்பின்போது ஆரம்ப அளவு 10,850, உச்ச அளவு 16,400 என்று இருந்தது. ஒரு பேனாவில் நான்கு ஊசி. எல்லாரும் இதை "மாசம் ஒண்ணு" என்று 12 ஆல் பெருக்கிக்கொள்கிறார்கள். வருஷத்துக்கு 52 வாரம்; பேனா 13. மௌன்ஜாரோவில் முதல் பேனா 2.5, மீதி 12-ம் 5 மி.கி. என்று வைத்தாலே அந்த விலைக்கு 2,24,000 ரூபாய் ஆகிறது. இது மேலே ஏறாத ஆளின் கணக்கு.

அடுத்த கேள்வி நிறுத்தினால் என்ன ஆகும் என்பது. ஸ்டெப்-1 ஆய்வில் 17.3 சதவீதம் குறைந்திருந்த ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்தி ஒரு வருஷம் கவனித்தார்கள். 11.6 சதவீதம் திரும்பி வந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்கு. இதில் அவர்கள் நாக்கைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. குடலிலிருந்து மூளைக்குப் போகும் "போதும்" என்ற சைகையை இந்த மருந்து வெளியிலிருந்து கொடுக்கிறது. ஊசி நின்றால் சைகையும் நிற்கும், பழைய பசி பழைய அளவிலேயே வந்து உட்காரும். கல்யாணத்துக்கு மூணு மாசத்தில் அஞ்சு கிலோ குறைய வேண்டும் என்பவர் இதற்குள் இறங்கவே வேண்டாம். அனுமதியும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர் போல ஒன்று இருப்பவருக்குத்தான். 160 செ.மீ. உயரம் என்றால் 27 என்பது 69 கிலோ, 30 என்பது 77 கிலோ.

யாருக்கு ஆகாது: குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் தொடவே கூடாது. (சாதாரணத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அது வேறு.) கணைய அழற்சி வந்தவர்கள் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாசம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மௌன்ஜாரோ தொடங்கி நான்கு வாரமும், அளவு கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் வேறு பாதுகாப்பு வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் பலம் குறைந்துபோகும்.

சுகர்காரர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். கிளிமிபிரைடு கலந்த மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் அதன் அளவைக் குறைக்காமல் இந்த ஊசியைத் தொடங்கினால் சுகர் சடாரென்று இறங்கும். சாப்பாடும் குறைந்திருப்பதால் மயக்கம் வரை போகும். வெறும் மெட்ஃபார்மின் என்றால் அந்தப் பயம் குறைவு. இரண்டாவது கண். பல வருஷம் ஏறிக் கிடந்த சுகர் வேகமாக இறங்கும்போது விழித்திரைக் கோளாறு முற்றக்கூடும். ஜங்ஷன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலோ வேறு எங்கேயோ கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பதுதான் முறை. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினினும் மூணு மாச சராசரி சுகரும் அதே வாரத்தில் பார்த்துவிடலாம்.

அளவைப் பைய ஏற்ற வேண்டும். வெகோவி 0.25, 0.5, 1, 1.7, 2.4, மௌன்ஜாரோ 2.5, 5, 7.5 என்று 15 வரை. ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம். முதல் படி எடை குறைக்க அல்ல, வயிற்றைப் பழக்க. முதல் மாசம் ஒன்றும் குறையவில்லையே என்று தானாக அளவைக் கூட்டுகிறவர்தான் வாந்தியோடு படுக்கிறார். 5 மி.கி.யிலேயே நன்றாகக் குறைகிறது என்றால் மேலே ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை, பணமும் மிச்சம்.

மௌன்ஜாரோ குப்பியில் 0.5 மி.லி. இருக்கும், முழுவதும் ஒரே வேளைக்கு. அதை இன்சுலின் சிரிஞ்சில் எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் உண்டு, ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சும் உண்டு. அதே 0.5 மி.லி. சிவப்பில் 20-ம் கோட்டில் நிற்கும், ஆரஞ்சில் 50-ல் நிற்கும். "20-க்கு எடு" என்று யாரோ போனில் சொன்னதைக் கேட்டு ஆரஞ்சில் எடுத்தால் பாதி மருந்துகூட உள்ளே போகாது. யூனிட்டை மறந்துவிட்டு மி.லி.யைப் பாருங்கள். பேனாவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நான்கு ஊசி முடிந்த பிறகும் கொஞ்சம் மருந்து உள்ளே தெரியும். காற்றை வெளியேற்ற வைத்த உபரி அது. அதை சிரிஞ்சால் உறிஞ்சி அஞ்சாவது ஊசியாகப் போடுவது சிக்கனம் மாதிரித் தெரியும். அளவும் சரியாக இருக்காது, கிருமியும் சேரும்.

போடும் இடம் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி, அல்லது தொடையில். வாரா வாரம் இடம் மாற்ற வேண்டும். குமட்டல் பெரும்பாலும் ஊசிக்கு அடுத்த ஓரிரு நாளில் வரும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு உள்ள வீடு என்றால் சனிக்கிழமை ஊசி வேண்டாம். திங்கள், செவ்வாய் தோது. ஒரு வாரம் மறந்துவிட்டால் மௌன்ஜாரோ நான்கு நாளுக்குள், வெகோவி ஐந்து நாளுக்குள் போடலாம். தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த முறை நாளில் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடுவது கூடவே கூடாது.

இனி நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு வருவோம். ஸ்டெப்-1 ஆய்வில் நூற்றுக்கு 44 பேருக்குக் குமட்டல், 25 பேருக்கு வாந்தி, 23 பேருக்கு மலச்சிக்கல் என்பது கணக்கு. இந்தக் குமட்டலில் பெரும்பங்கு தட்டில்தான் தீர்மானமாகிறது. மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. கொழுப்பும் அதையேதான் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ராத்திரி பத்து மணிக்குத் தின்ற மூணு பரோட்டாவும் சால்னாவும் விடிகிற வரை வயிற்றில் கிடக்கும். காலையில் அழுகிய முட்டை வாடையில் ஏப்பம் வரும். டவுனில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தரும் நூறு கிராம் அல்வா ஊசிக்கு முன்பு ஒரு தின்பண்டம். ஊசிக்குப் பிறகு அதன் நெய்யும் சீனியும் சேர்ந்து ஒரு வேளைச் சாப்பாட்டின் கனம். இரண்டு ஸ்பூன் ஒன்றும் செய்யாது. சொதி விருந்தில் தேங்காய்ப்பாலை மட்டாக ஊற்றிக்கொண்டு காய்களைத் தாராளமாக எடுப்பது நல்லது. வழக்கமாகப் போடும் சோற்றில் பாதியைப் போட்டு, இருபது நிமிஷம் எடுத்துத் தின்று, முதல் "போதும்" வந்தவுடன் கை கழுவிவிட வேண்டும். தட்டை வீணாக்கக் கூடாது என்று இன்னும் நாலு வாய் போடுகிறவருக்குத்தான் வாந்தி.

மறுபக்கம் இன்னும் மோசம். பசியே இல்லை என்று காபி, இரண்டு இட்லி, ரசஞ்சோறு என்று நாளை ஓட்டுகிறவர்கள். குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பு அல்லாத சதை என்று ஸ்டெப்-1-ன் ஸ்கேன் கணக்கு காட்டியது. அறுபது வயதைத் தாண்டியவருக்குத் தொடைச் சதை போனால் தரையிலிருந்து எழுந்திருப்பதே பாடு. நாள் ஒன்றுக்கு எடைக் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்தால் 80 கிலோ ஆளுக்கு 96 கிராம் வேண்டும். இட்லி ஒன்றில் கிட்டத்தட்ட 2 கிராம், முட்டையில் 6, நூறு கிராம் மீனில் 20 பக்கம். சாளையோ நெத்திலியோ, எண்ணெயில் பொரிக்காமல் குழம்பில் போட்டது, இந்த ஊசிக்காரருக்கு நல்ல சாப்பாடு. மீன் தொடாதவர்களுக்கு நம் உளுந்தம்பருப்புச் சோறு இருக்கிறது. அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டி வடித்தால் போதும். தட்டில் முதலில் புரதம், சோறு கடைசியில். வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். வீட்டில் தண்ணீர்க் குடம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது வெக்கை. பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். 30 டிகிரிக்குள் என்றால் மௌன்ஜாரோ பேனா 30 நாள் வெளியே தாங்கும் என்ற சலுகை இருக்கிறது. சித்திரையில் திருநெல்வேலி வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? அந்தச் சலுகை நமக்கில்லை. பாளையங்கோட்டையில் வாங்கி அம்பாசமுத்திரத்துக்கு பஸ்ஸில் போகிறவர் சின்ன ஐஸ்பெட்டி கொண்டுவர வேண்டும். ஐஸ்பேக்குக்கும் பேனாவுக்கும் நடுவில் ஒரு துண்டு. வெயிலில் நிறுத்திய பைக் டிக்கியில் வைப்பது அடுப்பில் வைப்பதற்குச் சமம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டில் வைக்காதீர்கள், உறைந்துபோகும். உறைந்து உருகிய மருந்து பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதே பாதி வைத்தியம். இதே வெக்கையில் வாந்தி பேதியும் சேர்ந்தால் உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் அடிபடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வீட்டில் இருக்கட்டும். ஒரு நாளுக்கு மேல் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி.

மேல்வயிற்றில் கடுமையாக வலித்து முதுகுக்குப் பாய்ந்தால் கணையம். வலது விலாவுக்குக் கீழ் வலியும் காய்ச்சலும் மஞ்சளும் என்றால் பித்தப்பை. "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு இருக்கக் கூடாது, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு உடனே போக வேண்டும். ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை போவது மிக மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருவர் அளவு. வந்தால் அன்றைக்கே கண் டாக்டர். எந்த ஆபரேஷனுக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் முன்பு மயக்க மருந்து டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருக்கலாம்.

ஊசி வேண்டாம், மாத்திரை போதும் என்பவர்களுக்கு: ரைபெல்சஸ் வெறும் வயிற்றில் 120 மி.லி.க்கு மேற்படாத தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் காபி உட்பட எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுந்தவுடன் டம்ளரைத் தேடுகிற வீடுகளில் இது தோற்பது அந்த அரை மணியில்தான். ஆர்லிஸ்டாட் 120 மி.கி. சாப்பாட்டுக் கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தை உடம்பில் சேராமல் தடுக்கும். தடுத்த எண்ணெய் கீழே வந்துதானே ஆக வேண்டும்? தேங்காய்ப்பால் விருந்தன்று இதை விழுங்கிவிட்டு வெளியூர் பஸ் ஏறாதீர்கள். பலனும் வருஷத்துக்கு மூணு கிலோ கூடுதல், அவ்வளவுதான்.

"மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று வரும் ஸ்லிம் பொடிகளுக்கு மதிப்பெண் பூஜ்யம். பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றியதால் 2010-ல் அமெரிக்காவில் விலக்கி, 2011-ல் இந்தியாவிலும் நிறுத்திய சிபுட்ரமின் இப்படிப்பட்ட பொடிகளில் கலந்து பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஊசியிலும் போலி உண்டு. 2024 ஜூனில் போலி ஓசெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு வருவதை வாங்காமல், பேட்ச் நம்பர் போட்ட பில்லோடு, ஃபிரிட்ஜிலிருந்து உங்கள் கண்ணெதிரே எடுத்துத் தரும் கடையில் வாங்குங்கள்.

போட்ட ஊசிமுனையைக் குப்பைப் பையில் போட்டால் மறுநாள் காலை அது துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி போட்டு வைத்து, அடுத்த பேனா வாங்கப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடலாம்.