பன்றித் தோளுக்கு லயன் ஸ்டவுட்: பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் மட்டும்

இறைச்சி அவிக்கவென்று பியர் வாங்குபவர்கள் குடிக்க நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிழை அங்கேயே தொடங்குகிறது. மூன்று மணித்தியாலம் சட்டிக்குள் கிடந்த பிறகு அந்தப் பியரில் என்ன மிஞ்சும் என்று பார்க்கவேண்டும். வாயு முதல் நிமிடத்திலேயே போய்விடும். பியருக்குக் கைப்புக் கொடுக்கும் ஹொப்ஸ் பூவின் வாசம் கொதியோடு போகும். மதுசாரத்தில் பெரும்பங்கு ஆவியாகும். கடைசிவரை நிற்பவை இனிப்பு, புளிப்பு, கைப்பு ஆகிய மூன்றும்தான். இவற்றில் கைப்பு ஆவியாகவே மாட்டாது. குழம்பு வற்ற வற்ற அது தடித்துக்கொண்டே வரும்.

இப்படிப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் சிரமமில்லாமல் கிடைக்கும் போத்தல்களில் பன்றித் தோள் இறைச்சிக்கு லயன் ஸ்டவுட் என்ற கறுத்த பியர் முதலிடத்துக்கு வருகிறது. ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இரண்டுகூடக் கொடுக்க முடியாது.

பன்றித் தோளைக் கறுத்த பியரில் வாட்டுவது ஜேர்மனியின் பவேரியாக்காரருடைய சமையல். அங்கே ஊற்றுவது மோல்ட் (முளைக்கவைத்துக் காயவைத்த தானியம்) இனிப்புக் கூடிய, கைப்புக் குறைந்த கறுத்த லாகர் பியர். அதனால் அவர்களுக்குத் தாராளமாக ஊற்ற முடிகிறது. இங்கே அந்த வகை கிடைப்பதில்லை. அதன் இடத்தில் நிற்கக்கூடியது ஸ்டவுட். ஆனால் ஸ்டவுட்டுக்குப் பார்லி மோல்ட்டைக் கோப்பிக்கொட்டை போலக் கருக வறுக்கிறார்கள். அந்த வறுவல் கைப்பும் ஹொப்ஸ் கைப்பும் சேர்ந்துதான் சட்டிக்குள் இறங்குகின்றன. வெளிநாட்டுச் சமையற்குறிப்பில் 'ஒரு போத்தல் கறுத்த பியர்' என்று இருப்பதை அப்படியே ஸ்டவுட்டால் செய்தால் குழம்பு மருந்து போலக் கைப்பது இதனால்தான்.

அப்படியிருந்தும் ஸ்டவுட்டை விடமுடியாததற்குக் காரணம் எங்கள் கறித்தூள். வறுத்த மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, செத்தல் மிளகாய் எல்லாம் சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தூளும், கோப்பி, சொக்லேற் வாசம் தரும் கறுத்த பியரும் ஒரே குடும்பம். இரண்டும் வறுபட்டு வந்தவை. சட்டிக்குள் ஒன்றை ஒன்று முட்டாமல் சேர்ந்துவிடுகின்றன. குழம்பின் நிறமும் தூளை அளவுக்கு மேல் கருக்காமலே கறுப்பாக வரும்.

மற்றப் போத்தல்கள்

லயன் லாகர் 4.8 வீத மதுசாரம் உள்ளது. கைப்பு மெல்லியது, தண்ணீர் கலக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு பியர் போட்ட அடையாளமே இருக்காது. மெல்லிய புளிப்பும் சிறிது தானிய வாசமும் மட்டும் நிற்கும். மிளகும் நற்சீரகமும் போட்டு, தூள் குறைத்து, கடைசியில் அடுப்பை நிற்பாட்டிவிட்டு 100 மில்லிலீற்றர் முதற்பால் விடுகிற வெள்ளைக் கறிக்கு இது நல்லது. பாலை விட்டபிறகு கொதிக்க விடக்கூடாது, பியரின் புளிப்பில் திரைந்துவிடும். ஸ்டவுட்டுக்குத் தேங்காய்ப்பால் வேண்டவே வேண்டாம். நிறமும் சாம்பலாகிவிடும்.

'ஸ்ட்ரோங்' என்று வருகிற வெளிர் நிறப் பியர்களை இந்த வேலைக்கு வாங்கவேண்டாம். அவற்றில் கூடுதலாக இருப்பது மதுசாரம். சட்டியில் ஆவியாகிப் போவதும் அதுதான்.

பனங்கள் தனி வகை. அதில் ஹொப்ஸ் கைப்புக் கிடையாது, புளிப்புத்தான் உண்டு. காலையில் இறக்கிய கள் மத்தியானத்துக்குள் தவறணையிலிருந்து வந்து நேரே சட்டிக்குப் போனால் பன்றிக் கொழுப்பை வெட்டுவதற்கு அதைவிட நல்லது இல்லை. பின்னேரக் கள்ளென்றால் பழப்புளியை முழுவதுமாக விட்டுவிடவேண்டும். நாளுக்கு நாள், மரத்துக்கு மரம் சுவை மாறும் என்பதால் அளவு சொல்லிக்கொடுக்க முடியாது. 1881 இல் நுவரெலியாவில் தொடங்கிய மதுவடிசாலையின் வழிவந்து இப்போது பியகமவில் வடிக்கப்படும் லயனில் இந்தத் தொல்லை இல்லை. போத்தலுக்குப் போத்தல் ஒரே சுவை. எழுதிவைத்த அளவு அடுத்த முறையும் சரியாக வரும்.

போயா தினங்களில் மதுக்கடை பூட்டு. முதல்நாளே வாங்கி வைக்கவேண்டும்.

இறைச்சி

ஒன்றரைக் கிலோ எலும்பு நீக்கிய தோள். தொடை இறைச்சி இதற்கு ஆகாது. அதில் கொழுப்பும் இணைப்புச் சவ்வும் குறைவு, நேரம் போகப் போக வைக்கோலாகும். தோளில் சவ்வு ஊடுபாவாக ஓடுகிறது. அது உருகித்தான் குழம்பு உதட்டில் ஒட்டும்.

இங்கே இறைச்சி வாங்கும்போது ஒரு விசயம் கவனிக்கவேண்டும். கறிக்கென்று கடைக்காரர் நினைத்து, நீங்கள் பையை விரிப்பதற்குள் கத்தி இறங்கி எல்லாம் துண்டுதுண்டாகிவிடும். நிறுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணை, சின்னனா வெட்டவேண்டாம், தோளை முழுசாத் தாங்கோ." வீட்டில் 250 கிராம் அளவில் ஆறு துண்டாக வெட்டினால் போதும். கறித்துண்டு அளவில் வெட்டினால் சவ்வு உருகுவதற்கு முன்பே வெளிநார் வறண்டு உதிரும். தோலை உரித்து விரற்கடை அகல நாடாக்களாக வெட்டி அதே சட்டியில் போடுங்கள், குழம்பைத் தடிப்பாக்குவது அதுதான். கொழுப்பை முழுவதும் அரியாமல் அரைச் சென்ரிமீற்றர் விடுங்கள்.

உப்பு 18 கிராம். ஆனையிறவுக் கல்லுப்பென்றால் நிறுத்தே போடவேண்டும், கரண்டிக் கணக்குப் பிழைக்கும். பூசி, மூடாமல் ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பும் காயும். இரண்டாவது பலன்தான் பெரியது. ஈரமான இறைச்சியைத் தாச்சியில் போட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகும்வரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. சிவக்க 140 பாகைக்கு மேல் வேண்டும்.

தாளிப்பும் சட்டியும்

இரும்புத் தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, மூன்று மூன்று துண்டாக, பக்கத்துக்கு நாலு நிமிடம் பொரியவிடுங்கள். ஒட்டியிருந்தால் இழுக்கவேண்டாம். சிவந்ததும் தானாக விடும். பிறகு இறைச்சியை எடுத்து அவிக்கும் சட்டிக்கு மாற்றுங்கள். இரும்புத் தாச்சியிலேயே மூன்று மணித்தியாலம் பியரை வைத்தால் அதன் புளிப்பு இரும்பைக் கரைத்து உலோகச் சுவை வரும். அலுமினியமும் அப்படித்தான். அடி தடித்த எவர்சில்வர் சட்டி நல்லது, பழகிய மண்சட்டி அதைவிட நல்லது. ஆனால் சுட்ட மண்சட்டியில் குளிர்ந்த பியரை ஊற்றினால் வெடித்துவிடும். பியரை ஒரு மணித்தியாலம் முன்பே ஜக்கில் ஊற்றி வெளியே வையுங்கள். குளிரும் போகும், நுரையும் அடங்கும், அப்போதுதான் 300 மில்லிலீற்றரைச் சரியாக அளக்கலாம்.

தாச்சியில் மிஞ்சிய கொழுப்பில் 300 கிராம் சின்ன வெங்காயத்தை 12 நிமிடம் வதக்குங்கள். இது அவசரப்படுத்தக்கூடாத இடம். கைப்பைச் சமன்செய்யும் இனிப்பில் பாதி இந்த வெங்காயத்திலிருந்து வருகிறது. பத்துப் பல்லு உள்ளி, 20 கிராம் இஞ்சி, ஒரு துண்டு கறுவா, மூன்று ஏலக்காய், நாலு கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில். உள்ளி கருகினால் அந்தத் தாளிப்பைக் கொட்டிவிடுங்கள். ஸ்டவுட் கறியில் கருகல் மறையாது, பெருகும்.

இப்போது கறித்தூள். இந்தச் சமையலில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். யாழ்ப்பாணத் தூளில் வெந்தயம் உண்டு. மீன் குழம்பில் அது தெரியாது, பழப்புளி அடக்கிவிடும். ஸ்டவுட்டோடு சேர்ந்தால் வெந்தயக் கைப்பு, ஹொப்ஸ் கைப்பு, வறுவல் கைப்பு மூன்றும் ஒரே இடத்தில் வந்து குந்திவிடும். வீட்டில் இடிப்பவர்கள் இதற்கென்று வெந்தயமில்லாமல் கொஞ்சம் இடித்து வைக்கலாம். கடைத்தூள் என்றால் இரண்டு மேசைக்கரண்டியை ஒன்றரையாகக் குறைத்து, அரை மேசைக்கரண்டி வெறும் மிளகாய்த்தூளும் ஒரு தேக்கரண்டி பெருஞ்சீரகத்தூளும் சேருங்கள். நெருப்பை நிற்பாட்டிவிட்டுத் தூளைப் போட்டு அரை நிமிடம் கிளறினால் போதும், தாச்சிச் சூடே காணும்.

நெருப்பு அணைந்திருக்கும்போதே ஸ்டவுட்டை ஊற்றி, அடியில் பிடித்ததை அகப்பையால் சுரண்டிவிடுங்கள். திரும்ப மூட்டி, மூடாமல் ஐந்து நிமிடம் கொதித்தால் மூக்கைக் குத்துகிற மதுசார நெடி இறங்கும். பிறகு 300 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்து, எல்லாவற்றையும் இறைச்சிச் சட்டியில் ஊற்றுங்கள். திரவம் இறைச்சியின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே நிற்கவேண்டும். மூழ்கினால் அது அவியல், குழம்பு தண்ணீராகத்தான் வரும். பிறகு அதை வற்றவைக்கப் போனால் கைப்பு வந்துவிடும்.

நெருப்பு

காஸ் அடுப்பின் ஆகக் குறைந்த நெருப்பும் இதற்குக் கூட. சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் பழைய தோசைக்கல் ஒன்றை வையுங்கள். மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு குமிழி வந்து உடைந்து, ஒரு மூச்சு விட்டபின் அடுத்தது வரவேண்டும். அதுதான் 95 பாகைக்கு அண்மையான சூடு. தளதளவென்று கொதித்தால் நார் இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே விடும். விறகடுப்பென்றால் கொள்ளியை இழுத்துவிட்டுச் சாம்பல் மூடிய தணலில் வையுங்கள், சிரட்டைத் தணல் இன்னும் சீராக நிற்கும்.

இரண்டரை முதல் மூன்று மணித்தியாலம். முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை துண்டுகளைப் புரட்டுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் குத்திப் பார்த்தால் இறைச்சி செருப்புப் போல இருக்கும். 'கூட அவிந்து இறுகிவிட்டது' என்று நினைத்துப் பலர் அந்த இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது அவிந்தது போதாது. நார் 60, 70 பாகையிலேயே இறுகிவிடும். சவ்வு கரைவது அதற்கு மேலே, மெதுவாக. ஒரு ஈர்க்கை எடுத்துத் துண்டின் நடுவில் குத்துங்கள். ஈர்க்கு வளையாமல் இறங்கி, வெளியே இழுக்கும்போது இறைச்சியைத் தூக்காமல் வரவேண்டும். வெப்பமானி இருந்தால் 92 முதல் 95 பாகை.

கடைசி அரை மணித்தியாலத்தில் 25 கிராம் பனங்கட்டி, ஒரு சிறு குட்டானில் உடைத்த துண்டு. தொடக்கத்திலேயே போட்டால் அடியில் பிடிக்கும். பழப்புளி வழக்கத்தில் பாதி, அதுவும் ருசி பார்த்தபின். பியரே புளிப்புத்தான். கைப்புத் தூக்கி நின்றால் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிப் பாருங்கள். கைப்பை அடக்குவதில் இனிப்பைவிட உப்பு விரைவானது. அதற்கும் அடங்காவிட்டால் வெந்நீர் 100 மில்லிலீற்றர் விட்டு உருளைக்கிழங்கு இரண்டு போடுங்கள்.

பிரஷர் குக்கரில் 40 நிமிடம். அதில் ஆவி வெளியேறாததால் ஸ்டவுட் 200, தண்ணீர் 150 மில்லிலீற்றர் போதும். விசிலைத் தூக்கி ஆவியை விடாமல் தானாக அடங்க விடவேண்டும். திடீரென்று அழுத்தம் இறங்கினால் இறைச்சிக்குள் இருக்கும் சாறு கொதித்து வெளியே ஓடிவிடும். நேரம் இல்லாதவர்களுக்கு இது பரவாயில்லை. குழம்பின் ஒட்டுத்தன்மை மட்டும் பாதிதான்.

மதுசாரம் முற்றாகப் போய்விடும் என்று எண்ணவேண்டாம். இரண்டரை மணித்தியாலம் அவித்தாலும் ஊற்றிய மதுசாரத்தில் ஏறக்குறைய 5 வீதம் மிஞ்சும், மூடி இறுக்கமென்றால் இன்னும் கூட. தொடாதவர்கள், சின்னப்பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

மறுநாள்

நத்தாருக்கென்றால் முதல்நாளே சமையுங்கள். அவித்த உடனே கைப்பும் உறைப்பும் தனித்தனியாகத் தெரியும், ஒரு இரவு கழிந்தால் ஒன்றுசேரும். இறைச்சி குழம்புக்குள்ளேயே இருந்து ஆறவேண்டும். ஆனால் எங்கள் சூட்டுக்குச் சட்டியோடு இரவு முழுவதும் குசினியில் விடக்கூடாது. அகன்ற தட்டத்தில் ஊற்றி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குப் போகவேண்டும். காலையில் மேலே வெள்ளையாக உறைந்த கொழுப்பை அகப்பையால் தூக்கி எடுத்துத் தனியே வையுங்கள். கீழே குழம்பு கத்தியால் வெட்டும் அளவுக்கு ஜெலி போல நின்றால் தோலும் தோளும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. மூடி, மெல்லிய நெருப்பில் 20 நிமிடம் சுடவைத்தால் போதும். இடியப்பத்துக்கு இது பாரம். றோஸ் பாணுக்கும் குரக்கன் புட்டுக்கும் சரியாகப் பிடிக்கும். பக்கத்தில் தேசிக்காய் பிழிந்த பச்சை வெங்காயச் சம்பல்.