கூகுள் எர்த் ப்ரோ: மலை பக்கவாட்டுல நகர்ந்ததை கண்ணால பார்க்க

மலைத்தொடர்னா பூமி மேலோட்டோட ரெண்டு தட்டு முட்டிக்கிட்டு மேல எழும்புறது, அவ்ளோதான்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். ஸ்ட்ரைக்-ஸ்லிப் ஃபால்ட், அதாவது ரெண்டு பக்கப் பாறையும் பக்கவாட்டுல உரசி நகர்ற நிலப் பிளவு பத்தி படிச்சப்போ கூட மனசுல ஒட்டல. சாட்டிலைட் படத்துல பூமியைச் சுத்திப் பார்க்கற இந்த கூகுள் எர்த் ப்ரோ சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர்ல போட்டு, திபெத்தோட வடக்கு ஓரத்துல ஓடுற அல்டின் தாக் ஃபால்ட்டை சாய்ச்சு வச்சு பார்த்தப்போதான் விளங்குச்சு. மலையடிவாரத்துல ரூலர் வச்சு கிழிச்ச மாதிரி ஒரு கோடு, அதுதான் ஃபால்ட்; மேலிருந்து இறங்குற ஓடை ஒவ்வொண்ணும் அந்தக் கோட்டுக்கு வந்ததும் டக்குனு திரும்பி கொஞ்ச தூரம் கோட்டோடயே போயிட்டு மறுபடி கீழ இறங்குது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நின்னு பார்த்தாலும் எதிர்ப்பக்கம் இடது கைப் பக்கமா நகர்ந்திருக்கும். இந்தியத் தட்டு வடக்க தள்ளத் தள்ள மலை மேல மட்டும் போகல, பக்கவாட்டுலயும் வழுக்கிப் போகுது.

ஒரே ஒரு ஓடை வளைஞ்சிருந்தா நம்பிடாதீங்க, அது தானாவே கூட வளைஞ்சிருக்கும். வரிசையா நாலஞ்சு ஒரே பக்கம் வளைஞ்சிருக்கான்னு பாருங்க.

அடுத்து அலாஸ்கா. டெனாலி சிகரம் 6,190 மீட்டர், அது நிக்கிறது டெனாலி ஃபால்ட் வளையிற இடத்துல. நேரா வழுக்கிட்டு வந்த பாறை வளைவுல நெருக்குப்படுது, வேற வழியில்லாம மேல எழும்புது. 2002 நவம்பர்ல இதே ஃபால்ட்ல 7.9 அளவு நிலநடுக்கம் வந்துச்சு, எண்ணெய்க் குழாய் ஃபால்ட்டைத் தாண்டுற இடத்துல சறுக்கி நகர்ற மாதிரி தாங்கி வச்சு கட்டியிருந்ததால உடையல. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

எலிவேஷன் புரொஃபைல் ரொம்ப உபயோகம், பாத் வரைஞ்சா போதும் மேடு பள்ளம் கிராஃபா வந்துடும். உயரத்தை 3 மடங்கு வரைக்கும் கூட்டியும் பார்க்கலாம், ஆனா கூட்டினா சாதாரண சரிவு கூட செங்குத்தா தெரியும், பார்த்து வச்சுக்கோங்க.

குறைன்னா காடுதான். நியூசிலாந்து ஆல்பைன் ஃபால்ட்ல மரம் மூடிட்டு இருக்கறதால சின்ன சின்ன தடயம் எதுவும் தெரியாது, அதுக்கு லைடார் படம் (லேசரால மரத்துக்கு அடியில இருக்கற தரையை அளந்து எடுக்கறது) வேணும். ஆனா பெருசா பார்த்தா இருக்கு. வடக்க நெல்சன் பக்கம் செடி அதிகம் வளராத செம்பழுப்பு மலை, அதே பாறை தெக்க ஃபால்ட்டுக்கு அந்தப் பக்கம் மறுபடி வருது, நடுவுல சுமார் 480 கிலோமீட்டர், அவ்ளோ தூரம் வழுக்கியிருக்கு. நியூசிலாந்து புவியியலாளர் ஹெரால்டு வெல்மேன் இதை 1940கள் கடைசியில சொன்னாரு, அப்போ சாட்டிலைட்டே கிடையாது.

இந்த சாஃப்ட்வேர் 2015ல இருந்து இலவசம். 5க்கு 4.5. முதல்ல அல்டின் தாக்ல ஆரம்பிங்க, செடி கொடி இல்லாத பாலைவனம்ங்கறதால எல்லாம் பளிச்சுனு தெரியும், நியூசிலாந்தை கண்ணு பழகினப்புறம் பாருங்க.