சாறுக்காகவே திரும்பப் போவேன்
ஃபோ என்ற வியட்நாமிய நூடுல்ஸ் சூப்பில் எனக்கு எலும்புச்சாறுதான் முக்கியம், அதில் இந்தச் சின்ன வியட்நாமிய உணவகம் ஏமாற்றவில்லை. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு, தீயில் சுட்ட இஞ்சி, வெங்காயம், அன்னாசிப்பூ, பட்டை எல்லாம் இறங்கிய அந்த மணம் கிண்ணத்துக்கு முன்பே மேசைக்கு வந்துவிடுகிறது. சாறும் நல்ல தெளிவு, முதல் வாயை எதுவும் கலக்காமல் குடித்துப் பாருங்கள். மெல்லிசாகச் சீவிய பச்சை இறைச்சி அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும், அதனால் உடனே உள்ளே அமுக்கிவிடுங்கள். அப்புறம் தனித்தட்டில் பயறு முளை, துளசி, எலுமிச்சை, மிளகாய். இது தெற்கு வியட்நாமின் சைகோன் பக்கத்துப் பாணி, வடக்கே ஹனோயில் இவ்வளவு இலைதழை சேர்க்க மாட்டார்கள். அரிசி நூடுல்ஸ் மட்டும் குழைந்திருந்தது, எனக்கு அது வருத்தம்தான், ஆனால் சொன்னதுமே முகம் சுளிக்காமல் வேறு கிண்ணம் கொண்டுவந்தார்கள்.